ஒல்லி உடம்பு! கொழுத்த ஈரல்!

அருப்புக்கோட்டை வட்டாரம் வறண்ட பூமி. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கமும் அப்படித்தான். வானம் பார்த்த கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் விளைச்சல் உண்டு. பெய்யாவிட்டால் வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைக்க வேண்டும்.

இந்த மண்ணில் வெயிலில் கறுத்து, உழைப்பில் மெலிந்த உடம்புதான் வழக்கம். "எங்க ஊருல எவனுக்குங்க கொழுப்பு?" என்று கேலியாகக் கேட்பார்கள்.

ஆனால் இன்று நிலைமை வேறு. வயிற்று வலி என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். ஸ்கேன் சீட்டில் 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதி வருகிறது. ஆளைப் பார்த்தால் ஒல்லியாக இருக்கிறார். "எனக்கா கொழுப்பு?" என்று அவர் திகைக்கிறார்.

இதே ஆளுக்கு வேறு சில குறைகளும் இருக்கும். முன்போல் வேலை ஓடவில்லை. எப்போதும் அசதி. சதை வற்றிவிட்டது. தாம்பத்தியத்தில் நாட்டம் இல்லை. இவற்றை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். வெட்கம் தடுக்கும். "வயசாயிருச்சு" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். ஈரலில் கொழுப்பு சேர்ந்த ஆண்கள் பலருக்கு, ஆண்மைக்குரிய ஹார்மோனும் குறைந்திருக்கிறது. அந்த ஹார்மோனின் பெயர் டெஸ்டாஸ்டிரோன்.

ஈரல் செய்யும் வேலை

கல்லீரல் வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது. எடை சுமார் ஒன்றரைக் கிலோ.

தின்ற சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை ஈரல் வாங்கிச் சேமித்து வைக்கிறது. உடம்புக்குத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கிறது. நஞ்சை முறிக்கிறது. பித்த நீரைச் சுரக்கிறது. ஒரு வீட்டுக்குக் களஞ்சியமும் அடுப்பங்கரையும் எப்படியோ, அப்படி உடம்புக்கு ஈரல்.

களஞ்சியத்துக்கு ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் வந்து குவிந்தால் என்ன செய்வது? ஈரல் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு ஈரலுக்குள்ளேயே தங்க ஆரம்பிக்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு தங்கினால், அதுதான் 'கொழுப்பு ஈரல்'.

இது வலிக்காது. பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. சிலருக்கு ஈரல் புண்ணாகி வீங்கும். பிறகு தழும்பு விழும். தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கிப்போகும். அதற்குப் பிறகு பிழைப்பது கஷ்டம். எல்லோருக்கும் இப்படி முற்றுவதில்லை. ஆனால் கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, சர்க்கரை வியாதி ஆகியவற்றின் அபாயம் அதிகம்.

வாத்து சொல்லும் பாடம்

"நான் நெய் தொடுவதில்லை. கறி எப்போதாவதுதான். எனக்கு எப்படிக் கொழுப்பு வரும்?" என்று பலர் கேட்கிறார்கள்.

பிரான்ஸ் நாட்டில் வாத்துகளுக்கும் வாத்தினப் பறவைகளுக்கும் மக்காச்சோளத்தை வாய்க்குள் திணித்து வளர்க்கிறார்கள். சில வாரங்களில் அவற்றின் ஈரல் பல மடங்கு பெருத்துவிடும். அந்தக் கொழுத்த ஈரலை அவர்கள் விருந்தில் உண்கிறார்கள்.

அந்த வாத்துக்கு யாரும் நெய் ஊட்டவில்லை. தானியத்தைத்தான் ஊட்டினார்கள். தானியத்தின் மாவுச்சத்துதான் ஈரலில் கொழுப்பாக மாறியது. மனிதனுக்கும் நடப்பது இதுதான். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை, பரோட்டா. இடையிடையே சர்க்கரை போட்ட டீ. உழைப்பு குறைந்த உடம்பில் இவையெல்லாம் ஈரலில் போய்க் குவிகின்றன.

ஒல்லியானவர்களுக்கு ஏன் வருகிறது?

இதற்கு ஒரு படம் பதில் சொல்கிறது. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் அது வெளிவந்தது. படத்தில் இரண்டு டாக்டர்கள் நிற்கிறார்கள். ஒருவர் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்து டாக்டர் யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவரும் குண்டானவர்கள் அல்ல. ஆனால் உடம்பின் கொழுப்பை அளந்தபோது இங்கிலாந்துக்காரருக்கு 9.1 சதவீதம் இருந்தது. இந்தியருக்கு 21.2 சதவீதம்! இரு மடங்குக்கும் மேல்.

நம்மவர்கள் பார்வைக்கு ஒல்லி. உள்ளே கொழுப்பு அதிகம். தசை குறைவு. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அரை வயிறு உண்டு பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தசை வளரவில்லை. கொழுப்பு மட்டும் தங்கியது என்பது யாஜ்னிக்கின் கருத்து. தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்க இடம் போதாதபோது, அது வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது.

மேற்கு வங்காளத்தில் பிர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்தார்கள். முடிவு 2010ல் வெளிவந்தது. நூற்றுக்கு சுமார் 9 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேர் குண்டானவர்கள் அல்ல! வயலில் உழைக்கும் ஏழை ஊர்களிலேயே இந்த நிலை.

நகரத்தில் இன்னும் அதிகம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 541 பேரைப் பரிசோதித்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். 173 பேருக்குக் கொழுப்பு ஈரல். அதாவது மூன்றில் ஒருவர். ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் 345 பேரைச் சோதித்த முடிவு 2025ல் வந்தது. அவர்களில் நூற்றுக்கு 84 பேருக்குக் கொழுப்பு ஈரல்! நாற்காலி வேலையின் பலன் அது.

கரிசல் காட்டில் மாறியது என்ன?

ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் சாப்பாடு. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பஞ்சம் வந்தால் அதுவும் இல்லை. 1876ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டன் பூட்டன் சொன்ன கதைகள் இன்னும் இருக்கின்றன.

பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2011ல் அது விலையில்லா அரிசி ஆனது. பசியை ஒழித்த பெரிய காரியம் அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அரிசி வந்த வேகத்தில் கம்பும் குதிரைவாலியும் தட்டை விட்டுப் போய்விட்டன. பாசிப்பயறும் தட்டாம்பயறும் குறைந்துவிட்டன. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் காய் என்று ஆகிவிட்டது.

உழைப்பும் மாறிவிட்டது. கமலை இறைத்த கை இப்போது மோட்டார் சுவிட்சைப் போடுகிறது. ஏர் பிடித்தவர் டிராக்டருக்கு வாடகை கொடுக்கிறார். அருப்புக்கோட்டையில் கைத்தறி போட்ட இடத்தில் விசைத்தறி ஓடுகிறது. பக்கத்து ஊருக்கு நடந்து போனவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். உழைப்பு பாதியானது. சோறு மட்டும் குறையவில்லை.

டீயையும் கணக்குப் பார்க்க வேண்டும். மில் தொழிலாளி ஒருவர் நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டி ஐந்து கிராம். நாளைக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று 2015ல் சொன்னது. டீயிலேயே அதைப் போல் இரண்டு பங்கு போய்விடுகிறது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சாத்தூர் காராச்சேவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

2018ல் மத்திய அரசு நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பெற்றவை இரண்டே. ஒன்று ராமநாதபுரம். மற்றது விருதுநகர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இந்த விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பணக்கார வியாதி என்று பெயர் எடுத்த ஒன்று ஏழை மாவட்டத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறது. இதுதான் இன்றைய விசித்திரம்.

சேவலும் காளையும்

இனி டெஸ்டாஸ்டிரோனைப் பார்ப்போம்.

1849ல் ஜெர்மனியில் பெர்தோல்டு என்ற விஞ்ஞானி சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சேவலின் விரைகளை எடுத்துவிட்டார். கொண்டை சுருங்கியது. கூவுவது நின்றது. சண்டை போடவில்லை. வேறு சில சேவல்களுக்கு விரையை எடுத்து, வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்துத் தைத்தார். அவை பழையபடி கொண்டை வளர்ந்து கூவின! விரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது என்று தெரிந்தது. அந்தப் பொருளை 1935ல் தனியே பிரித்தெடுத்து 'டெஸ்டாஸ்டிரோன்' என்று பெயரிட்டார்கள்.

கரிசல் காட்டு விவசாயிக்கு இது புதிய செய்தி அல்ல. காயடித்த காளையை அவர் பார்த்திருக்கிறார். அதன் முரட்டுத்தனம் போய்விடும். திமில் சிறுத்துவிடும். உடம்பில் கொழுப்பு போடும். அதே பொருள்தான் இங்கும் காரணம்.

டெஸ்டாஸ்டிரோன் ஆண்மைக்கு மட்டும் அல்ல. தசைக்கு வலு, எலும்புக்கு உறுதி, ரத்த உற்பத்தி, மனதுக்கு ஊக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வயிற்றில் கொழுப்பு சேராமல் தடுக்கவும் அது உதவுகிறது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஈரல் எங்கே? விரை எங்கே? இரண்டுக்கும் எப்படித் தொடர்பு வந்தது?

டெஸ்டாஸ்டிரோன் ரத்தத்தில் தனியாகப் போவது கொஞ்சம்தான். பெரும் பகுதி புரதங்களின் மேல் ஏறிக்கொண்டு போகிறது. அந்தப் புரதங்களில் முக்கியமான ஒன்றைச் செய்வது ஈரல். அது ஹார்மோனைச் சுமக்கும் வண்டி போன்றது. ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இந்த வண்டிகளைக் குறைவாகச் செய்கிறது. வண்டி குறைந்தால் ரத்தத்தில் உள்ள மொத்த டெஸ்டாஸ்டிரோன் அளவும் குறைகிறது. இது முதல் வழி.

வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் சக்தி அதற்கு இருக்கிறது. பெண் ஹார்மோன் கூடினால் மூளை ஏமாந்துபோகிறது. "ஹார்மோன் போதும்" என்று விரைக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. உற்பத்தியே குறைகிறது. இது இரண்டாவது வழி.

டெஸ்டாஸ்டிரோன் குறைந்தால் தசை வற்றுகிறது. சர்க்கரையை எரிக்கும் பெரிய அடுப்பு தசைதான். அது சிறுத்தால் எரியாத சர்க்கரை மறுபடியும் ஈரலுக்குப் போய்க் கொழுப்பாகிறது. கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் வருகிறது. இது மூன்றாவது வழி.

இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. செக்கு மாடு போல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. எது முதலில் வந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எந்த இடத்தில் தடுத்தாலும் சுற்று நிற்கும்.

டாக்டர்கள் கண்டது

அமெரிக்காவில் பபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சந்தீப் திண்ட்சா, டாக்டர் பரேஷ் தந்தோனா ஆகியோர் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். இருவரும் இந்திய வம்சாவளியினர். சர்க்கரை வியாதி உள்ள 103 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு டெஸ்டாஸ்டிரோன் குறைவு. 2004ல் இந்த முடிவு வெளிவந்தது.

தென் கொரியாவில் 495 ஆண்களைச் சோதித்து 2012ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். டெஸ்டாஸ்டிரோன் குறைந்தவர்களுக்குக் கொழுப்பு ஈரல் அதிகம் இருந்தது. வயிற்றுக் கொழுப்பைக் கணக்கில் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

பெண்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஆண் ஹார்மோன் கூடுதலாக இருக்கும். அவர்களுக்கும் கொழுப்பு ஈரல் அதிகம். ஆணுக்குக் குறைந்தாலும் கெடுதல்; பெண்ணுக்குக் கூடினாலும் கெடுதல்.

தூக்கமும் இதில் சேர்கிறது. டெஸ்டாஸ்டிரோன் இரவுத் தூக்கத்தில்தான் அதிகம் ஊறுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். அவர்களுடைய டெஸ்டாஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. 2011ல் இது வெளிவந்தது. மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் அரைத் தூக்கம் தூங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழி யார் மேல்?

கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. குழந்தை இல்லை. வீட்டில் என்ன பேசுவார்கள்? "அவளைக் கொண்டுபோய்க் காட்டு" என்பார்கள். மருமகளைக் கோயில் கோயிலாக அழைத்துப் போவார்கள். டாக்டர் டாக்டராகக் காட்டுவார்கள். மகனை யாரும் ஒரு பரிசோதனைக்கும் அனுப்ப மாட்டார்கள்.

இது அநியாயம். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் குறையும் இருக்கிறது. ஆணுக்குச் செய்யும் முதல் பரிசோதனை சுலபமானது. வலி இல்லாதது. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகளை விடச் செலவு குறைந்தது. ஆகவே, இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போவதுதான் முறை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கொழுப்பு ஈரல் உள்ள எல்லோருக்கும் ஆண்மைக் குறைவு வராது. டெஸ்டாஸ்டிரோன் குறைந்த எல்லோருக்கும் குழந்தை பிறக்காமல் போகாது. பயப்பட வேண்டாம். பரிசோதித்துத் தெரிந்துகொள்வதே நல்லது.

ஊசியும் லேகியமும்

வெட்கப்பட்டு மறைக்கும் வியாதியில்தான் ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பார்கள். பல ஆயிரம் ரூபாய்க்கு லேகியமும் சூரணமும் கொடுப்பார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது.

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்று நினைப்பது தவறு. சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்கும், ஆண்மைக்கு என்று விற்கப்படும் அமுக்கராக் கிழங்கு சாப்பிட்ட சிலருக்கும் ஈரல் கெட்டதை இந்திய டாக்டர்களே ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே கொழுப்பு சேர்ந்த ஈரலுக்கு இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல.

டெஸ்டாஸ்டிரோன் ஊசி என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவில் 1,007 ஆண்களை வைத்து இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2021ல் வந்தது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் கொடுத்தார்கள். அதோடு ஊசியும் போட்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. வெறும் ஊசி போட்டவர்களில், அதாவது மருந்தில்லாத ஊசி போட்டவர்களில், 21 பேருக்கு இருந்தது. பலன் உண்டு என்று தெரிகிறது. ஆனால் மருந்து ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு ரத்தம் அளவுக்கு மேல் தடித்தது! ஈரல் கொழுப்பைக் கரைக்க இந்த ஊசியைப் போடலாம் என்று டாக்டர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. வெளியிலிருந்து டெஸ்டாஸ்டிரோன் வந்தால், உடம்பு சொந்தமாகச் செய்வதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் நின்றுபோகும். ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக இதே ஊசியை உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! குழந்தை வேண்டும் என்பவர், உடற்பயிற்சிக்கூடத்தில் யாரோ கொடுத்தார்கள் என்று இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் கதை தலைகீழாகிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் பரிசோதனைக்குக் காசு வேண்டாம். ஒரு சணல் கயிறு போதும். உச்சி முதல் பாதம் வரை அளந்து கயிற்றை வெட்டுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு தொப்புளுக்கு நேராக வயிற்றைச் சுற்றி வர வேண்டும். முனைகள் சேரவில்லை என்றால் வயிறு பெருத்துவிட்டது என்று அர்த்தம். அரைஞாண் கயிற்றை மாற்றிக் கட்டும்படி ஆனால் அதுவும் ஓர் எச்சரிக்கைதான். ஸ்கேலில் அளப்பவர்களுக்கு: இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

இரண்டாவது, ஸ்கேன். ஈரலில் கொழுப்பு இருந்தால் அதில் தெரியும். தழும்பு இருக்குமா என்று மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. வயதையும், ஈரல் பற்றிய இரண்டு ரத்தப் பரிசோதனையையும், ரத்தத் தட்டணு எண்ணிக்கையையும் வைத்து டாக்டர் கணக்கிடுவார்.

மூன்றாவது, டெஸ்டாஸ்டிரோன். அசதி, நாட்டமின்மை போன்ற குறைகள் இருந்தால் மட்டும் இது தேவை. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் வேறொரு நாள் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். ஒரே ஒரு சீட்டைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பல டாக்டர்கள் கருதுகிறார்கள்.

மருந்து தட்டில் இருக்கிறது

கொழுப்பு ஈரலுக்கு என்று முதல் மாத்திரையை அமெரிக்க அரசு 2024ல் அனுமதித்தது. அது தழும்பு விழுந்தவர்களுக்கு, விலையும் அதிகம். மற்றவர்களுக்கு உணவும் உழைப்பும்தான் மருந்து.

அந்த மருந்து வேலை செய்யுமா? செய்யும். கியூபா நாட்டில் ஈரல் புண்ணான 293 பேருக்கு ஓராண்டு உணவும் நடையும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015ல் வந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்குப் புண் ஆறிவிட்டது. எடை குறைந்தால் டெஸ்டாஸ்டிரோனும் தானாக உயர்கிறது. ஊசி இல்லாமலே செக்கு மாட்டை நிறுத்திவிடலாம். ஒல்லியானவர்கள் இரண்டு, மூன்று கிலோ குறைத்தாலே பலன் தெரியும்.

செய்ய வேண்டியவை சிலவே. தட்டில் சோற்றைக் குறைத்து, காயையும் பயறையும் கூட்ட வேண்டும். சுண்டல், முட்டை, மீன் நல்லது. கரிசலில் தானாக முளைக்கும் அதலக்காய் இருக்கிறது, கீரை இருக்கிறது. குதிரைவாலி, கம்பு சேர்த்துக்கொள்ளலாம், நார்ச்சத்து அதிகம். ஆனால் சிறுதானியம் என்று சட்டி நிறையச் சாப்பிட்டால் அதுவும் மாவுதான். கருப்பட்டியும் அப்படியே. அது நாட்டுப் பொருள். ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

டீயில் சர்க்கரையைப் பாதியாக்க வேண்டும். தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்டால், பஸ்கி எடுத்தால் தசை வளரும். இரவு ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். குடிப்பவர்கள் குடியை விட வேண்டும். மது ஈரலையும் கெடுக்கிறது. விரையையும் நேரடியாகக் கெடுக்கிறது.

அரசாங்கம் செய்ய வேண்டியது

2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொழுப்பு ஈரலைத் தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு வீடு தேடி மருத்துவம் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வசதிகள் வந்திருக்கின்றன.

ஆனால் வசதி இருந்தால் மட்டும் போதாது. ஆண்கள் வர வேண்டும். பகலில் வேலைக்குப் போகிற ஆண் ஆஸ்பத்திரிக்கு எப்போது வருவார்? மில் வாசலிலும் தறிக்கூடத்திலும் பட்டாசுத் தொழிற்சாலையிலும் முகாம் போட்டு வயிற்றை அளந்தால் ஆண்கள் அகப்படுவார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வரும் ஊழியரிடம், "இடுப்பையும் அளந்து சொல்லுங்கம்மா" என்று கேட்கலாம்.

ரேஷனில் அரிசியோடு சிறுதானியமும் கூடுதல் பருப்பும் கொடுத்தால் இரட்டை லாபம். உண்பவருக்கு ஈரல் பிழைக்கும். மானாவாரி விவசாயிக்குக் குதிரைவாலி விலை போகும். கோவிலாங்குளம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த வறண்ட பூமிக்கேற்ற பயிர்களுக்காகவே இருக்கிறது. விளைவிக்க ஆள் உண்டு. வாங்க வேண்டியது அரசாங்கம்.

வீட்டில் பெண்கள் செய்யக்கூடியதும் உண்டு. பாத்தியப்பட்டவர் என்று ஆணுக்கு மட்டும் கூடுதல் சோறு போடுவது பழைய வழக்கம். ஏர் பிடித்த காலத்தில் அது நியாயம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அன்பு ஆகாது.

தொந்தி விழுந்தால் 'வசதி வந்துவிட்டது' என்று ஊர் சொல்லும். ஈரல் சொல்வது வேறு. அதற்குப் பேச வாய் இல்லை. வலிக்கவும் தெரியாது. ஒரு முழக் கயிறு அதற்காகப் பேசும். இன்றைக்கே எடுத்து அளந்து பார்ப்பது நல்லது.